தேர்க்காலும் தீர்ப்பும்

தேர் ஓடுகிறது. தெருவிலே கன்று. தேர்க்காலில் சிக்கிக் கன்று மாய்கிறது. தாய்ப்பசு அரண்மனை வாயிலுக்கு வந்து ஆராய்ச்சி மணியை அடிக்கிறது. மன்னன் கேட்கிறான், கலங்குகிறான், கன்றைக் கொன்ற மகனைத் தேர்க்காலில் இட்டுக் கொல்கிறான். அந்தக் கதைக்குச் சின்னமாகத் திருவாரூரிலே கல்தேர் நிற்கிறது. சென்னை உயர்நீதிமன்ற வளாகத்திலே சிலை நிற்கிறது. நீதியின் சிகரம் இதுவே என்று பள்ளியிலே சொல்லிக் கொடுத்தார்கள். நாமும் படித்தோம், மெய் சிலிர்த்தோம்.

சிலிர்ப்பு அடங்கியபின் ஒரு கேள்வி கேட்டிடுவோம். மன்னன் மகனைக் கொன்றான், சரி. மணியடித்த பசுவுக்குக் கிடைத்தது என்ன?

ஒன்றுமில்லை! அதன் மடியிலே பால் கட்டி வலித்தது, வலித்துக்கொண்டே இருந்தது. அரசனின் புகழ் ஓங்கிற்று. பசுவின் துயர் ஓயவில்லை. கதை சொன்னவர்களுக்கே இது உறுத்தியிருக்க வேண்டும். இல்லையென்றால், முடிவிலே சிவபெருமானை வரவழைத்துக் கன்றையும் மகனையும் எழுப்பிவிட்டதாக ஏன் முடித்தார்கள்? கடவுள் வந்தால்தான் கணக்கு நேராகும் என்பது அவர்களுக்கே தெரிந்திருந்தது.

நம் காலத்துச் சாலைகளிலே தேர் இல்லை, லாரி இருக்கிறது. விழுந்தவரை எழுப்பிடக் கடவுள் வருவதில்லை. 108 ஆம்புலன்சு வருகிறது. அதன்பின் மருத்துவமனை, அதன்பின் காவல் நிலையம், அதன்பின் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். வண்டி ஓட்டியவரைச் சிறைக்கு அனுப்புவதாலே ஒடிந்த கால் சேர்ந்துவிடாது. ஆகவே நாம் கேட்பது பழி அல்ல, ஈடு. அந்த ஈட்டிலே, வலிக்கென்று ஒதுக்கப்படும் பங்கு எவ்வளவு, எப்படி, ஏன் என்பதைத்தான் இன்று எடுத்துக்கொள்கிறோம்.

ஒரே சாலை, இரு கணக்கு

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! ஒரே சாலையில், ஒரே வண்டி மோதி, இருவர் விழுகின்றனர். ஒருவர் மாதம் 80,000 ரூபாய் ஊதியம் பெறும் பொறியாளர். மற்றொருவர் கட்டட வேலையிலே கல்லும் மணலும் சுமந்து மாதம் 12,000 ரூபாய் காணும் சித்தாள். இருவருக்கும் வயது முப்பது. இருவருக்கும் தொடை எலும்பு ஒரே இடத்தில் முறிகிறது. உழைக்கும் ஆற்றலில் இருவருக்கும் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம்.

2009ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் வகுத்த அட்டவணைப்படி, அந்த வயதுக்கு 17 ஆண்டுகளால் பெருக்க வேண்டும். பொறியாளருக்கு வருமான இழப்பு 32,64,000 ரூபாய். சித்தாளுக்கு 4,89,600 ரூபாய். அதுவும் சித்தாளிடம் சம்பளச் சீட்டு இருந்தால்! கொத்தனார் எந்த நாளில் சீட்டு எழுதிக் கொடுத்தார்? ஆகவே, ‘உத்தேச வருமானம்’ என்று ஒன்றைத் தீர்ப்பாயமே மதிப்பிடும்.

இந்த வேறுபாட்டை நாம் இங்கே வழக்காடவில்லை. இழந்தது வருமானம், வருமானத்தைப் பார்த்துக் கணக்கிடுகிறார்கள். அது ஒரு நியாயம். ஆனால் அடுத்த பத்திக்கு வாருங்கள். மருத்துவச் செலவு, போக்குவரத்து, சத்துணவு, உதவியாளர் கூலி, கிழிந்துபோன உடை என்று வரிசையாக எழுதிக்கொண்டே வந்து, ஒரு மூலையிலே ‘வலியும் வேதனையும்’ என்று ஒரு வரி. அதற்கு எதிரே ஒரு தொகை. பெரும்பாலும் பூச்சியங்களில் முடியும் சிறிய முழுத்தொகை. ஏன் அந்தத் தொகை? ஏன் அதற்கு மேல் இல்லை? காரணம் கேட்டால் காகிதம் பேசாது.

அறுவை முடிந்து மயக்கம் தெளியும் இரவிலே, எலும்பில் இறக்கிய கம்பி கடுக்கும்போது, எந்த நரம்பு சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு வலிக்கிறது? பொறியாளரின் கண்ணீரிலும் சித்தாளின் கண்ணீரிலும் உப்பு ஒன்றுதான். மனிதர் அனைவரும் நிகர் என்று மெய்ப்பிக்க மேடைப்பேச்சு வேண்டாம். எலும்பு முறிவுப் பிரிவிலே ஓர் இரவு தங்கினால் போதும்!

இதுதான் நம் குற்றச்சாட்டு. பணம் பார்த்துக் கொடுக்கும் பத்தியிலே லட்சங்கள். மனிதர் என்று பார்த்துக் கொடுக்க வேண்டிய பத்தியிலே சில்லறை! எல்லோரும் சமமாக நிற்கும் ஒரே இடத்தை எல்லாவற்றிலும் ஏழையான இடமாக ஆக்கி வைத்திருக்கிறார்கள். சீட்டு இல்லாதவருக்கு, சேமிப்பு இல்லாதவருக்கு, அந்த ஒரு வரிதான் முழு மனிதராக நின்று கேட்கக்கூடிய வரி. அந்த வரியையே சுருக்கினால், அவர் எங்கே போய்ச் சமமாவார்?

பிறப்புச் சீட்டும் சம்பளச் சீட்டும்

ஆளுக்கு ஏற்ற விலை என்பது புதிதல்ல. கதையிலே வரும் மனுநீதி, கன்றும் மகனும் நிகர் என்றது. நூலிலே இருக்கும் மனுநீதியோ, மனிதருக்குள்ளேயே பின்னம் போட்டது! பிராமணனைக் கொன்றதற்குரிய கழுவாயிலே, சத்திரியனைக் கொன்றால் நான்கில் ஒரு பங்கு, வைசியனைக் கொன்றால் எட்டில் ஒரு பங்கு, சூத்திரனைக் கொன்றால் பதினாறில் ஒரு பங்கு என்று அதன் பதினோராம் அத்தியாயம் கணக்குச் சொல்கிறது. உயிர் ஒன்று, விலை நான்கு!

அந்தப் பின்னத்தைக் கிழித்தெறிந்தோம் என்கிறோம். சட்டத்தின் முன் யாவரும் சமம் என்று அரசியல் சட்டத்தின் 14ஆம் பிரிவிலே எழுதிக்கொண்டோம். பிறகு என்ன நடந்தது? பிறப்புச் சீட்டு போன இடத்திலே சம்பளச் சீட்டு வந்து உட்கார்ந்தது.

சான்று வேண்டுமா? 1994ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திலே ஓர் அட்டவணை சேர்த்தார்கள். தவறு யாருடையது என்று மெய்ப்பிக்காமலே ஈடு பெறுவதற்கான வழி அது. நல்ல நோக்கம்தான். ஆனால் வலிக்கு அதிலே போட்ட விலை என்ன தெரியுமா? கொடுங்காயத்துக்கு 5,000 ரூபாய். மற்றக் காயத்துக்கு 1,000 ரூபாய். அரிசி விலை ஏறிற்று, பேருந்துக் கட்டணம் ஏறிற்று, மருந்து விலை ஏறிற்று. வலியின் விலை மட்டும் 24 ஆண்டுகள் அசையாமல் நின்றது! அட்டவணை காலத்துக்கு ஒவ்வாதது, திருத்துங்கள் என்று 2013இல் உச்சநீதிமன்றமே நடுவண் அரசுக்குச் சொன்னபிறகும், 2018இல்தான் அதை மாற்றினார்கள்.

அதே அட்டவணையிலே இன்னொரு விந்தை. வீட்டிலே விடியுமுன் எழுந்து, ஊர் உறங்கியபின் படுக்கும் மனைவிக்கு வருமானம் ஏது என்று கேட்டு, கணவன் வருமானத்திலே மூன்றில் ஒரு பங்கு என்று மதிப்பிட்டார்கள். மனுவுக்கு நான்கில் ஒன்று, எட்டில் ஒன்று. இவர்களுக்கு மூன்றில் ஒன்று. பின்னம் மட்டும் போகவில்லை!

விரலுக்கு விழுக்காடு, வலிக்கு வெறுமை

தொழிற்சாலைக்குள் வந்தால் நிலை இன்னும் மோசம். 1923ஆம் ஆண்டு வெள்ளையர் ஆட்சியிலே தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. வழக்காட வசதியில்லாத தொழிலாளிக்கு அது ஒரு பாதுகாப்பு என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்கிறோம். அதன் அட்டவணையைப் புரட்டுங்கள். கட்டை விரல் போனால் 30 விழுக்காடு. சுட்டு விரல் முழுதும் போனால் 14. நடுவிரல் போனால் 12. இறைச்சிக் கடைப் பலகைபோல உறுப்பு உறுப்பாக விழுக்காடு எழுதியிருக்கிறது. அந்த விழுக்காட்டைக் கூலியோடும் வயதோடும் பெருக்கித் தொகை காண்பார்கள். கட்டை விரல் இயந்திரத்தில் நசுங்கிய அந்த நொடிக்கு? இரவெல்லாம் துடித்த துடிப்புக்கு? பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் போட முடியாத அவமானத்துக்கு? அங்கே வலிக்கென்று ஒரு பத்தியே இல்லை! கூலியை அடிப்படையாகக் கொண்ட அந்த முறையே 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. நூறாண்டு கடந்தும் தொழிலாளியின் கை சட்டத்தின் கண்ணுக்குக் கருவி. தசையும் நரம்பும் கொண்ட கையல்ல.

இதன் விளைவு நீதிமன்றத்தோடு நிற்பதில்லை. ‘பவர் பிரஸ்’ இயந்திரத்துக்குக் காப்புத் தடுப்பு போடப் பணம் வேண்டும். விரல் மலிவாக இருந்தால் காப்பு விலை அதிகமாகத் தோன்றும். வலி விலையேறினால்தான் காப்பு மலிவாகத் தோன்றும். ஈட்டுத்தொகை என்பது விழுந்தவருக்கு ஆறுதல் மட்டுமல்ல, விழப்போகிறவருக்கு வேலி!

போபாலை மறந்திட முடியுமா? 1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவிலே யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து நச்சுவாயு கிளம்பியது. இந்திய அரசு, பாதிக்கப்பட்ட அனைவருக்கும் தானே தந்தைபோல் நின்று வழக்காடும் உரிமையைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டது. 330 கோடி டாலர் கேட்டது. 1989 பிப்ரவரியிலே 47 கோடி டாலருக்கு ஒத்துக்கொண்டது. காயம்பட்டோர் என்று ஈடு பெற்றவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். அவர்களிலே பெரும்பாலோருக்குக் கிடைத்தது 25,000 ரூபாய். 2004இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டபின் அதே அளவு இன்னொரு முறை. எரியும் கண்ணுக்கும், இளைக்கும் நெஞ்சுக்கும், வாழ்நாள் முழுமைக்கும் அவ்வளவுதான்! கூடுதல் கேட்டு நடுவண் அரசு தொடுத்த மனுவும் 2023 மார்ச்சிலே தள்ளப்பட்டது. ‘தந்தை’ கையெழுத்திட்டுவிட்டார், பிள்ளைகள் இருமிக்கொண்டிருக்கிறார்கள்.

மாற்றார் சொல்லும் மூன்று சாக்கு

“வலியை அளக்க முடியுமா?” என்பது முதல் சாக்கு. மிகப் பெரிய தத்துவம்போல் கேட்கிறார்கள். நாம் திருப்பிக் கேட்கிறோம்: மானத்தை அளக்க முடியுமா? செல்வருடைய மானத்துக்குக் கேடு வந்துவிட்டது என்றால் கோடிக்கணக்கிலே மானநட்ட வழக்குத் தொடுக்கிறார்களே, அப்போது எந்த அறிஞராவது எழுந்து, “மானம் அளவுக்கு அடங்காதது ஐயா” என்று சொன்னாரா? மாளிகையின் மானத்துக்கு அளவுகோல் உண்டு, குடிசையின் வலிக்கு அளவுகோல் இல்லையோ? செர்மானியச் சட்ட வழக்கிலே இந்த ஈட்டுக்குப் பெயரே ‘வலிப்பணம்’. இங்கிலாந்திலே, எந்தக் காயத்துக்கு எந்த அளவு என்று நீதிபதிகளுக்கென வழிகாட்டி நூல் 1992 முதல் வெளிவருகிறது. அங்கே வலிக்கான தொகையைக் காயம் தீர்மானிக்கிறது, ஊதியம் அல்ல. முடியாது என்பதல்ல செய்தி. முயலவில்லை என்பதே செய்தி.

“எல்லாம் விதி” என்பது இரண்டாம் சாக்கு. இதை எதிரி வக்கீல் சொல்வதில்லை, உறவினர் சொல்கிறார்கள். அதுதான் கொடுமை! கட்டிலருகே உட்கார்ந்துகொண்டு, “உன் தலையெழுத்து, என்ன செய்வது? கொடுத்ததை வாங்கிக்கொள்” என்கிறார்கள். விளக்கில்லாத சாலைத் திருப்பம் தலையெழுத்தா? பழுதுபார்க்காத பிரேக்கு போன பிறவியின் வினையா? ஓய்வில்லாமல் ஓட்டவைத்த முதலாளியின் பேராசை கிரகக் கோளாறா? காரணம் இருக்கிறது. காரணத்துக்குப் பெயர் இருக்கிறது. பெயருக்குப் பொறுப்பு இருக்கிறது. விதி என்று சொன்ன நொடியிலேயே பொறுப்பாளிக்கு விடுதலை எழுதித் தருகிறோம். இன்சூரன்சு கம்பெனிக்குக் கட்டணமில்லாத வக்கீல் விதிதான்!

“பிரீமியம் ஏறிவிடும், போலி வழக்கு பெருகிவிடும்” என்பது மூன்றாம் சாக்கு. போலி வழக்குகள் உண்டு, மறுக்கவில்லை. மருத்துவமனை வாசலிலே காத்திருந்து கையெழுத்து வாங்கும் தரகர்களும் உண்டு. அவர்களைப் பிடியுங்கள், தண்டியுங்கள். கள்ளநோட்டு இருக்கிறது என்பதற்காக நல்ல நோட்டுக்குப் பாதி விலை என்று எந்த வங்கியும் சொல்வதில்லையே! பிரீமியம் ஏறுமென்றால், இன்று அந்தப் பணத்தைக் கட்டுகிறவர் யார்? விழுந்தவர் கட்டுகிறார், தன் உடம்பாலே. வண்டியால் வரும் ஆதாயம் ஒருவருக்கு, வண்டியால் வரும் வலி வேறொருவருக்கு என்பது எந்தப் பொருளாதாரம்?

நீதிமன்றமே காட்டிய வழி

நாம் ஆகாயத்திலே கோட்டை கட்டச் சொல்லவில்லை. உச்சநீதிமன்றம் தானே போட்ட பாதையைத்தான் காட்டுகிறோம். 1995இலேயே அது, பணத்தால் அளக்கப்படாத இழப்புகளைத் தனியே பிரித்து வைத்தது: பட்ட வலி, இனிப் படப்போகும் வலி, நடக்கவும் ஓடவும் உட்காரவும் முடியாமற்போன இன்ப இழப்பு, குறைந்துபோன ஆயுள். 2013இல் குழந்தைகளுக்கு ஓர் அளவு வகுத்தது: ஊனம் 10 விழுக்காடு வரை 1 லட்சம், 30 வரை 3 லட்சம், 60 வரை 4 லட்சம், 90 வரை 5 லட்சம், அதற்கு மேல் 6 லட்சம். குழந்தைக்கு ஏது ஊதியம்? ஊதியம் பார்க்காமலே அளவு வகுக்க முடியும் என்பதற்கு அதுவே சான்று.

2017இல், சாவு வழக்குகளிலே ஈமச் செலவு போன்றவற்றுக்கு நிலைத்த தொகை குறித்து, மூன்றாண்டுக்கு ஒருமுறை 10 விழுக்காடு ஏற்றவும் சொன்னது. விலைவாசிக்கு ஏற்ப ஏற்ற முடியும் என்பதற்கு அது சான்று. 2023 அக்டோபரிலே, கழிவுநீர்க் குழியிலே இறக்கப்பட்டு மாண்டவர் குடும்பத்துக்கு 30 லட்சம், நிலைத்த ஊனமுற்றவருக்கு 20 லட்சம், மற்ற ஊனத்துக்கு 10 லட்சத்துக்குக் குறையாமல் என்று ஆணையிட்டது. சாதி எவரைக் குழிக்குள் தள்ளியதோ, அவருடைய உயிருக்கும் உறுப்புக்கும் கூலி பார்க்காத ஒரு தரைமட்டம்! ஏட்டில் உள்ளது கைக்கு வர நாம் போராட வேண்டியிருக்கும். ஆனாலும் கொள்கை நிலைநாட்டப்பட்டுவிட்டது.

வலியின் தொகையும் ஏறாமல் இல்லை. 2007இல் விபத்துக்குள்ளாகி முழு ஊனமுற்ற பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கு, வலிக்கும் வாழ்வின்ப இழப்புக்குமாக 15 லட்சம் ரூபாய் அளித்தது 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பு. 90 விழுக்காடு ஊனமுற்ற ஒருவருக்கு வலிக்கும் துன்பத்துக்கும் மட்டுமே 15 லட்சம் என்றது 2024 நவம்பர்த் தீர்ப்பு. வரவேற்கிறோம், மனமார! ஆனால் டில்லி வரை ஏறியவருக்குக் கிடைத்தது, மாவட்டத் தலைநகரிலேயே நின்றுவிட்டவருக்கு எங்கே? அந்தச் சிறுமி பன்னிரண்டு வயதிலே விழுந்தாள். மேலும் பன்னிரண்டு ஆண்டு காத்திருந்தாள். எத்தனை பேருக்கு அந்த ஏணியிலே ஏறத் தெம்பு இருக்கும்?

ஓர் எச்சரிக்கையும் உண்டு. அளவு வேண்டும் என்றவுடன், “ஆகா, உச்சவரம்பு போட்டுவிடுவோம்” என்று கம்பெனிகள் முன்வரும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலே 1975இல், மருத்துவக் கவனக்குறைவு வழக்குகளிலே வலி முதலான பணஞ்சாரா இழப்புக்கு 2,50,000 டாலருக்கு மேல் கூடாது என்று சட்டம் போட்டார்கள். விலைவாசிக்கு ஏற்ப ஏற்றவில்லை. 2022இல் திருத்தும்வரை 47 ஆண்டுகள் அது அப்படியே கிடந்தது. அது கூரை, தலையை இடிக்கும். நாம் கேட்பது தரை. காலுக்கு நிலை தரும். கூரையை நீட்டுகிறவரிடம் தரை என்று நினைத்துக் கையெழுத்திட்டுவிடாதீர்கள்!

கேட்போம், கேட்கச் செய்வோம்

நம் கோரிக்கை நான்கு.

ஒன்று: தீர்ப்பிலே வலிக்கான பத்தி முதலில் வர வேண்டும், தொகைக்குக் காரணம் எழுதப்பட வேண்டும். எத்தனை அறுவை, எத்தனை நாள் படுக்கை, எந்த வேலை இனி இயலாது என்பவை எண்ணப்பட வேண்டும்.

இரண்டு: காயத்தின் தன்மைக்கேற்பக் குறைந்த அளவு ஒன்று நாடு முழுதும் வேண்டும். ஊதியம், பால், சாதி எதுவும் அதைக் குறைக்கக் கூடாது. கூட்டுவதற்குத் தடை இருக்கக் கூடாது.

மூன்று: மூன்றாண்டுக்கு ஒருமுறை அது தானே உயர வேண்டும். இன்னொரு 24 ஆண்டு உறக்கம் வேண்டாம்.

நான்கு: பணியிடக் காயத்துக்கும் வலிக்கென்று தனிப் பத்தி வேண்டும்.

சட்டம் திருந்தும்வரை நாம் கைகட்டி நிற்பதா? இளைஞர்களே, உங்கள் மன்றத்துக்கு வேலை இருக்கிறது. உங்கள் ஊரிலே ஒருவர் விபத்தில் வீழ்ந்தால், இரத்தம் கொடுப்பதோடு நின்றுவிடாதீர்கள். முதல் தகவல் அறிக்கை, மருத்துவமனைச் சீட்டு, மருந்துக் கடைப் பட்டியல் எல்லாவற்றையும் ஒரு உறையிலே சேர்த்து வையுங்கள். விழுந்தவர் வாழும் ஊர் எந்தத் தீர்ப்பாயத்தின் எல்லையிலே இருக்கிறதோ அங்கேயே மனுப் போடலாம் என்று சொல்லுங்கள். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், ஆலைத் தொழிலாளருக்கும், ஊனமுற்றோருக்கும் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு என்று 1987ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மாவட்ட நீதிமன்றத்திலே இருக்கும் அந்த அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். லோக் அதாலத்திலே சமரசம் பேசினால், அதன்மீது மேல்முறையீடு இல்லை என்பதைக் கையெழுத்துக்கு முன்னே சொல்லுங்கள், பின்னே அல்ல.

எல்லாவற்றுக்கும் மேலாக, சாட்சிக் கூண்டிலே வலியைச் சொல்லக் கற்றுக்கொடுங்கள். நம் மக்கள் வருமானத்தைக் கூட்டிச் சொல்லத் துணிவார்கள்; வலியைச் சொல்ல வெட்கப்படுவார்கள். “இரவிலே புரண்டு படுக்க முடியவில்லை, கழிவறைக்குப் போக மகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது, பிள்ளையைத் தூக்க முடியவில்லை” என்று சொன்னால்தானே ஏட்டிலே ஏறும்? ஏட்டில் ஏறாத வலிக்கு எந்த நீதிபதியும் ஈடு எழுதுவதில்லை.

அந்தக் கதையிலே வாயில்லாப் பசு மணியடித்தது. அதன் வலியை யாரும் கேட்கவில்லை. மன்னனின் நீதியைத்தான் பாடினார்கள். நமக்கு வாய் இருக்கிறது. மன்னன் மகனைக் கொல்ல வேண்டாம்; கடவுள் இறங்கி வரவும் வேண்டாம். “எனக்கு வலித்தது, அவருக்கு வலித்த அளவே எனக்கும் வலித்தது, அதை எழுது” என்று சித்தாள் நிமிர்ந்து சொல்ல வேண்டும். சொல்லச் செய்வோம். எழுதும்வரை மணி அடிப்போம்!